பாரிசுக்குப் போகிறவர் முதலில் கிழமையைப் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பா என்றாலே பத்து நாளில் ஏழு நாடு, பேருந்தில் தூக்கம், கொடியைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஓட்டம் என்று நம்மவர்களிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தனி ஆளாக ஒரே நகரத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம் என்றால், "அதுவும் பாரிசிலா? கட்டுப்படியாகுமா?" என்று கேட்கிறார்கள். பாரிஸ் மலிவான ஊர் இல்லைதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து போகிறவரின் பணம் விலைவாசியால் கரைவதைவிட, இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகும் பழக்கங்களால் கரைவதே அதிகம். எந்த நாளும் எல்லாம் திறந்திருக்கும், எந்த நேரமும் சாப்பாடு கிடைக்கும், வங்கி அட்டையைத் தட்டினால் ரயில் கதவு திறக்கும் என்ற நம் மூன்று நம்பிக்கைகளும் அங்கே செல்லாது.

முதலில் கிழமை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. நகராட்சி அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் திங்களன்று பூட்டித்தான் இருக்கும். அதனால் திங்களன்று ஊர்க்கூட்டம் முழுவதும் லூவரிலும், செவ்வாயன்று ஓர்சேயிலும் வெர்சாயிலும் மொய்க்கும். லூவர் புதன், வெள்ளி ஆகிய நாள்களில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். ஓர்சே வியாழன் இரவு 9.45 வரை. தனியாகப் போகிறவருக்கு இந்த மாலைகள்தான் பொன்னான நேரம். குழுச் சுற்றுலாக்காரர்கள் இரவு உணவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கட்டணத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. லூவரில் 22 யூரோவாக இருந்த நுழைவுக்கட்டணம், 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ ஆகிவிட்டது. நாமும் அந்தக் கணக்கில்தான் வருவோம். 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்று எங்காவது படித்துவிட்டுப் போகும் நம் பல்கலைக்கழக மாணவர்கள் வாசலில் ஏமாந்து நிற்பது இதனால்தான். அந்தச் சலுகை அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. நமக்கு 18 வயதுக்குட்பட்டால்தான் இலவசம். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிறகு லூவரில் யாருக்கும் கட்டணம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சேயும் ஓராஞ்சரி அருங்காட்சியகமும் இலவசம். ஆக, வெள்ளியில் தொடங்கும் மாதத்தில் 1ஆம் தேதி அங்கே இருந்தால், மூன்று நாளில் பாரிசின் புகழ்பெற்ற இந்த மூன்று ஓவியத் தொகுப்புகளையும் ஒரு காசு கொடுக்காமல் பார்த்துவிடலாம். (ஜனவரி 1, மே 1 இரண்டும் அதில் சேராது, அன்று லூவர் மூடிக் கிடக்கும்.) இலவச நாளானாலும் இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் போய் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பது சிக்கனமாகாது. விமானச்சீட்டு வாங்குமுன் நாட்காட்டியைப் பாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

அருங்காட்சியக அட்டை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது தொடர்ச்சியான மணிக்கணக்கில் ஓடும். நாளுக்கு இரண்டு மூன்று இடமாவது பார்த்தால்தான் போட்ட பணம் திரும்பும். ஒரு நாளில் மூன்று அருங்காட்சியகம் என்பது கால்களுக்குத் தண்டனை. அதைவிட, ஆண்டு முழுவதும் நிரந்தரத் தொகுப்பை இலவசமாகக் காட்டும் நகராட்சி அருங்காட்சியகங்களே போதும். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பெத்தி பாலே, பாரிசின் வரலாற்றைச் சொல்லும் கார்னவலே, விக்தோர் யூகோ வாழ்ந்த வீடு ஆகிய மூன்றும் நுழைவுச்சீட்டே இல்லாமல் பார்க்கக்கூடியவை. நம் குழுச் சுற்றுலாப் பட்டியல்களில் கார்னவலே இடம்பெறாதது எனக்கு இன்றும் புரியாத புதிர்.

நோட்ர டாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இணையப் பதிவும் இலவசம், கட்டாயமுமில்லை. சதுக்கத்தில் யாராவது "வரிசையைத் தாண்டும் சீட்டு" என்று விற்றால் அது மோசடி. மேலே கோபுரம் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஐஃபல் கோபுரத்தில் மின்தூக்கிச் சீட்டு கிடைக்கவில்லை என்று கள்ள விலைக்கு வாங்க வேண்டாம். இரண்டாம் தளம் வரை 674 படிகள். முழங்கால் நன்றாக இருந்தால் படிச்சீட்டு, மின்தூக்கிச் சீட்டைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்னும் மலிவாக வேண்டுமா? மெட்ரோ 6ஆம் தடத்தில் பாஸிக்கும் பிர் ஹக்கேமுக்கும் இடையே ரயில் செய்ன் ஆற்றின் மேல் பாலத்தில் போகும். அந்த ஒரு நிமிடத்தில் சன்னலோரம் நின்றால் கோபுரம் முழுதாகத் தெரியும்.

இனி ரயில். நம் ஈசிலிங்க் பயண அட்டையும் வங்கி அட்டையும் தட்டிப் பழகிய கை, பாரிஸ் மெட்ரோ கதவில் வங்கி அட்டையை நீட்டும், கதவு அசையாது. 2 யூரோ கொடுத்து நவிகோ ஈசி அட்டை வாங்கிப் பயணச்சீட்டு ஏற்ற வேண்டும், அல்லது அலைபேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் கட்டண முறையை எளிதாக்கினார்கள்: மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே விலை, 2.50 யூரோ, பேருந்தும் டிராமும் 2 யூரோ, விமான நிலையத்துக்கு 13 யூரோ. அதன்பின் சற்றுக் கூடியிருக்கிறது, ஆனால் முறை அதேதான். இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். மெட்ரோ சீட்டில் இறங்கிப் பேருந்து ஏற முடியாது. அதற்குத் தனிச் சீட்டு. சாதாரணச் சீட்டில் விமான நிலையம் போக முடியாது. பரிசோதகரிடம் மாட்டினால் "தெரியாமல் ஏறிவிட்டேன்" என்பது எடுபடாது, அந்த இடத்திலேயே அபராதம்.

வாரச் சீட்டு உண்டு. 2025இல் அது 31.60 யூரோ, விமான நிலையமும் வெர்சாயும் அதிலேயே அடக்கம். அந்த ஆண்டு விலைப்படி விமான நிலையம் போகவர மட்டுமே 26 யூரோ என்பதால், மேற்கொண்டு மூன்று முறை மெட்ரோ ஏறினாலே சீட்டின் விலை ஈடாகிவிடும். வாரச் சீட்டை ஏற்ற நவிகோ ஈசி உதவாது, அதற்கான வேறு அட்டையின் 5 யூரோவைச் சேர்த்தால் ஐந்து முறை. ஆனால் இதிலும் கிழமைதான் கழுத்தைப் பிடிக்கிறது. அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு இரவு முடியும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் அல்ல. வியாழனன்று இறங்குகிறவருக்கு அது வீண். திங்களன்று இறங்கி ஞாயிறன்று கிளம்புகிறவருக்கு அதைவிட மலிவு எதுவுமில்லை. அட்டையில் 2.5க்கு 3 சென்டிமீட்டர் படம் ஒட்டிப் பெயரெழுத வேண்டும். நம் கடப்பிதழ்ப் படம் அதைவிடப் பெரிது, கத்தரித்து எடுத்துப் போங்கள். படம் ஒட்டாத அட்டையும் அபராதத்துக்கு உரியதே.

சாங்கியிலிருந்து போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சார்ல் தெ கோல் நிலையத்தின் முதல் முனையத்தில் இறங்கும். அங்கிருந்து கட்டணமில்லாத சிறு ரயிலில் மூன்றாம் முனையம் போய், ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் பிடித்தால் அரை மணி நேரத்தில் நகருக்குள் கார் து நோர் ரயில் நிலையம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் படமும் எடுப்பதால் வரிசை நீளும். இறங்கிய காலையிலேயே அருங்காட்சியக நேரம் எதையும் பதிவு செய்து வைக்காதீர்கள். பணம் திரும்ப வராது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும்: கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் கடைசி மாதத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

தங்குமிடத்தில் ஒரு சிறு விஷயம். நம் முதல் மாடி தரைத்தளம். பாரிசில் தரைத்தளம் பூஜ்யம். "ஐந்தாம் மாடி, மின்தூக்கி இல்லை" என்று போட்டிருந்தால் நம் கணக்கில் ஆறாம் மாடிக்குப் பெட்டி தூக்க வேண்டும். முன்பதிவில் காட்டிய தொகைக்கு மேல் நகரத் தங்கல் வரி, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று வாசலில் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல. நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, உருண்டையான இரு முனை வேண்டும்.

சாப்பாட்டில்தான் நம் உணவங்காடிப் பழக்கம் அதிகம் இடிக்கும். பெரும்பாலான உணவகங்களில் மதியம் 12 முதல் 2 மணி வரைதான் அடுப்பு எரியும். மறுபடி 7 மணிக்குத்தான். மூன்று மணிக்குப் பசித்தால் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே திறந்து வைத்த கடையில் இரட்டை விலை கொடுப்பீர்கள். ஒருவேளை நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் மதியம் 'ஃபோர்மூல்' என்று எழுதியிருக்கும் தொகுப்பு உணவைக் கேளுங்கள். இரவில் அதே சமையல் கூடுதல் விலை. தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வெறும் 'வாட்டர்' என்றால் போத்தல் வரும், பில்லும் வரும். சேவைக்கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. தனியாக இனாம் வைக்க வேண்டியதில்லை. காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. கடைக்குள் நுழையும்போது 'பொன்ஷூர்' சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். அங்கே அது மரியாதை, சொல்லாதவரைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

சைவர்கள் 'லார்தோன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: கீரைக்கலவையிலும் ஒளிந்திருக்கும் பன்றிக்கொழுப்புத் துண்டு அது. மரே வட்டாரத்தின் ரோசியே தெருவில் ஃபலாஃபெல் வயிற்றை நிரப்பும். ஆனால் யூதக் கடைகள் என்பதால் வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் பெரும்பாலும் அடைப்பு. அந்த நாள்களுக்கு லா ஷப்பேல் இருக்கிறது. கார் து நோரிலிருந்து நடந்துபோகும் தூரம்; ஃபோபூர் சான் தெனி தெருவும் காய் தெருவும் ஈழத் தமிழர் கடைகளால் நிறைந்தவை. தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் தமிழில் பேசியே வாங்கலாம். பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். தனியாகப் போகும் பெண்கள் அந்த வட்டாரத்தைப் பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. இரவில் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கூட்டமும் தொந்தரவும் கூடும்.

திருடர்கள் துப்பாக்கியோடு வருவதில்லை; கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தோடு வந்து கவனத்தைத் திருப்புவார்கள். சாக்ரே கேர் தேவாலயப் படியில் கையில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். கைகளைப் பைக்குள் வைத்தபடி நிற்காமல் நடந்துவிடுங்கள். மெட்ரோவில் கதவோரம் நின்று அலைபேசி பார்ப்பது ஆபத்து: கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு குதித்துவிடுவார்கள். கடையில் அட்டை இயந்திரம் யூரோவா சிங்கப்பூர் வெள்ளியா என்று கேட்டால் எப்போதும் யூரோவே. வெள்ளியைத் தேர்ந்தால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள்.

தெருவோரக் கழிப்பறைகள் இலவசம். முன்னவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நுழையாதீர்கள். கதவு மூடி, உள்ளே முழுவதும் தண்ணீர் அடித்துக் கழுவி முடித்த பிறகுதான் அடுத்தவர் முறை, அவசரப்பட்டவர் நனைவார்.

திரும்பும் நாளில் ஆர்இஆர் பி ஓடுகிறதா என்று முந்தின இரவே பாருங்கள். வேலைநிறுத்தமும் பராமரிப்புப் பணியும் அந்தத் தடத்தில் அடிக்கடி வரும். ஓடவில்லை என்றால் டாக்சிக்கு அரசு வைத்த ஒரே விலை உண்டு: 2025இல் ஆற்றின் வலக்கரையிலிருந்து 56 யூரோ, இடக்கரையிலிருந்து 65 யூரோ, பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் கேட்கிறவர் வண்டியில் ஏற வேண்டாம். அடுத்த வண்டி வரும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்