படுக்கையில் இருப்பவருக்கு எந்தப் புத்தகம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

ஆண்டவரின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். தங்கள் கடிதம் கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பிறகு மதினிக்குப் பேச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது என்பதையும், வலது கை மட்டும் இன்னும் ஒத்துழைக்கவில்லை என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் நலம். மழை தாமதமாகப் பிடித்தாலும் குளங்கள் நிரம்பிவிட்டன. பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான்.

மதினி படுக்கையில் விழுந்த நாள் முதல் சபையார் கொண்டுவந்து கொடுத்த ஆறுதல் புத்தகங்கள் அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றும், அவற்றில் ஒன்றையும் பத்துப் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை என்றும், அது தங்கள் விசுவாசக் குறைவோ என்று கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை, அண்ணாச்சி. அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை நன்றாக நடமாடும் மனிதர்கள், மேடையில் பேசியதைத் தட்டச்சு செய்து அச்சுக்குக் கொடுத்தவை. முதல் அத்தியாயத்தில் வியாதி, இரண்டாம் அத்தியாயத்தில் ஜெபம், மூன்றாம் அத்தியாயத்தில் அற்புத சுகம் என்று அவை ஓடுகிற வேகத்துக்கு, படுக்கையைப் புரட்டிப் போட்டு, மருந்து கொடுத்து, இரவில் மூன்று முறை எழுந்திருக்கிற ஒருவரால் ஈடுகொடுக்க முடியாது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1933-இலேயே சொல்லிவிட்டார். அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் நம் மண்ணிலேயே அடக்கமானவர் அவர் என்பது தங்களுக்குத் தெரியும். 1931 அக்டோபரில் களக்காட்டில், மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் புதிதாக வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர் பெரும்பாலும் தம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருக்கும் அன்பர்கள் ஆறுதல் பிரசுரங்களை அனுப்பியிருக்கிறார்கள். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய அந்தப் பக்கங்கள் தமக்கு உதவவில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆகவே நோயுற்றவரிடமிருந்து நோயுற்றவர்களுக்குப் போகும் கடிதங்களாகத் தாமே எழுதத் தொடங்கினார். அவையே ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலாயின.

அந்த நூலில் எனக்குப் பிடித்தது, அது சுகமான பிறகு திரும்பிப் பார்த்து எழுதப்பட்டதன்று என்பதே. வலி இன்னும் இருக்கிறது, தூக்கம் இன்னும் வரவில்லை, நேற்று எழுந்து உட்காரலாம் என்று இருந்த நம்பிக்கை இன்று இல்லை. அந்த நிலையிலேயே அவர் எழுதுகிறார். வேலை செய்து பழகிய ஒருவர் பிறருக்குப் பாரமாக இருக்க நேரும்போது உள்ளே எழுகிற கூச்சத்தை அவர் அறிந்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற மதினிக்கு இன்று கையைவிட அதிகமாக வலிப்பது அந்தக் கூச்சம்தான் என்று தங்கள் கடிதத்தின் ஒரு வரியிலிருந்து ஊகித்தேன்.

வேதத்தில் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடுகிறோம். வந்தவுடன் அவர்கள் செய்தது நல்ல காரியம். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்ற பெயரைச் சம்பாதித்தார்கள். அலமாரியில் இருக்கும் புத்தகங்களைத் தாங்கள் இந்த ஒரு சோதனையைக் கொண்டே பிரித்துவிடலாம். எந்தப் புத்தகம் மதினியின் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப் புறப்படுகிறதோ, அதைக் கட்டி மேலே போட்டுவிடுங்கள். கொடுத்தவர்களின் அன்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதனையைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதிய நூலைச் சபையின் இளைஞர் ஒருவர் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அது 1940-இல் வந்தது. அன்புள்ள கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்று அறிவோடு வழக்காடுகிற நல்ல நூல். ஆனால் அதே மனிதர், 1960-இல் தம் மனைவி புற்றுநோயில் இறந்த பிறகு, வீட்டில் கிடந்த குறிப்பேடுகளில் எழுதியதை அடுத்த ஆண்டு வேறொரு பெயரில் வெளியிட்டார். அதில் வழக்காடல் இல்லை. தட்டியும் திறக்காத கதவைப் பற்றிய புலம்பல் இருக்கிறது, கடவுள்மேல் கோபம்கூட இருக்கிறது. முதல் நூல் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது அழாதவர்களுக்கானது, தாங்கள் இப்போதைக்கு அதை மூடி வைக்கலாம். இரண்டாவதையும் இன்று வாசிக்க வேண்டாம், அது துக்க வீட்டுப் புத்தகம். மதினி நம்மோடு இருக்கிறார்கள்.

யூதர்களை ஒளித்துவைத்துச் சிறைப்பட்ட டச்சுக்காரர் கொரி டென் பூம் அம்மையாரின் வரலாற்றைப் பற்றி மட்டும் சற்று எச்சரிக்கையாகச் சொல்கிறேன். நாஜிகளின் ராவன்ஸ்ப்ரூக் முகாமில், தெள்ளுப்பூச்சி மொய்த்த கொட்டடியில், அக்காள் பெட்சி அந்தப் பூச்சிகளுக்காகவும் ஸ்தோத்திரம் செய்யச் சொன்னதையும், அவற்றுக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வராமல் இருந்ததால் அவர்கள் வேதம் வாசிக்க முடிந்ததையும் நம் போதகர்கள் அடிக்கடி சொல்லுவார்கள். பூச்சிக்கெல்லாம் நன்றி சொல்ல முடியாது என்று கொரி மறுத்ததை அவரே எழுதியிருக்கிறார். அதை யாரும் சொல்லுவதில்லை. யாராவது அந்தக் கதையைச் சொல்லி, பக்கவாதத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று மதினியை வற்புறுத்தினால், தாங்கள் கொரியின் பக்கம் நின்றுகொள்ளலாம்.

தங்கள் மகன், நம் தம்பி, ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று எழுதியிருந்ததற்கு வருகிறேன். அகஸ்தீனாரின் தாய் மோனிக்காவைப்போல் கண்ணீரோடு ஜெபியுங்கள் என்று தங்களிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். அகஸ்தீனாருடைய அறிக்கைகளின் மூன்றாம் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி மோனிக்கா ஒரு பேராயரிடம் கெஞ்சுகிறார். அவர் மறுத்துவிடுகிறார். அவன் இன்னும் கேட்கிற நிலையில் இல்லை, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், வாசிக்க வாசிக்க அவனே தெளிவான் என்கிறார். தாமும் இளமையில், அகஸ்தீனார் அப்போது சேர்ந்திருந்த அதே மணிக்கேயர் என்ற சமயப் பிரிவாரிடம் வளர்ந்து, யாரும் வாதிட்டு மாற்றாமலே வெளியே வந்ததையும் சொல்கிறார். இவ்வளவு கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்ற புகழ்பெற்ற சொல், அந்த அம்மா விடாமல் அழுததில் சற்றுச் சலிப்படைந்து அவர் கடைசியாகச் சொன்னது. பிரசங்கங்களில் கண்ணீர் மட்டும் மிஞ்சி, அவர் வாதிட மறுத்த பகுதி விழுந்துபோயிற்று. குடும்பத்துக்கான புத்தகங்கள் என்று இப்போது வருகிறவற்றில், பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று சொல்லுபவை நிறைய உண்டு. எப்போது பேசாமல் இருப்பது என்று சொல்லுபவை அரிது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து தாயாரைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறான் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்து அவனிடம் நீட்ட வேண்டாம்.

இனி, வாசித்துக் காட்டுவதற்கு ஒன்று. ‘மோட்சப் பிரயாணம்’ மதினிக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அதைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை எழுதிய ‘இரட்சணிய யாத்திரிக’ப் பாடல்களைக் கல்லூரியில் மனப்பாடமாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். ஆனால் ‘மோட்சப் பிரயாண’த்தை எழுதிய ஜான் பனியன் 1684-இல் வெளியிட்ட அதன் இரண்டாம் பாகத்தை நம்மில் பலர் தொட்டதில்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்து, பார்வையற்ற மூத்த மகளை எண்ணி வெந்து, குடும்பத்துக்காகக் காலணிக் கயிறு செய்து விற்றவர் எழுதியது அது. முதல் பாகத்தில் கணவன் காதைப் பொத்திக்கொண்டு வீட்டை விட்டுத் தனியே ஓடுகிறான். இரண்டாம் பாகத்தில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து போகிறார்கள். வழியில் பயந்தவர்களும் மனம் தளர்ந்தவர்களும் ஊன்றுகோல் பிடித்த ஒருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். தன்னால் உங்களோடு நடக்க முடியாது என்று மனம் தளர்ந்தவர் பின்வாங்கும்போது, உமக்காகக் காத்திருப்போம், உம்மை விட்டுப் போகமாட்டோம் என்கிறார் வழிகாட்டி. அதன் பிறகு கூட்டம் முழுவதும் பலவீனருடைய நடைக்கு ஏற்பவே போகிறது.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். மதினி கையைத் தூக்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புத்தகமே வேண்டாம் என்கிற நாளில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வசனம்வரை விடிவே காட்டாத ஜெபம் அது, வேதத்துக்குள் இருக்கத்தான் செய்கிறது. பாடக் கூடுமானால் பாடுங்கள். பக்கவாதத்தில் பேச்சுத் தடுமாறினாலும் பழகிய பாட்டின் வார்த்தைகள் சிலருக்கு வருவதுண்டு; பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பாகமும் டோனாவூர் அம்மையாரின் நூலும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த வாரம் மருமகன் கோயம்புத்தூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆங்கில நூலில் மதினிக்குப் பயன்படும் என்று தோன்றிய கடிதங்கள் சிலவற்றைத் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். பதில் எழுத அவசரமில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து, நாங்கள் இருவரும் ஒரு வாரம் வந்து தங்கலாம் என்று நினைக்கிறோம். இரவு முறையை இரண்டு நாளாவது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் தூங்க வேண்டும்.

மதினிக்கும் தம்பிக்கும் எங்கள் அன்பு.

தங்கள் அன்புத் தம்பி