கடைசி வரிசையிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

ஸ்தோத்திரம். குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் இதைப் பேசாமல் எழுதுகிறேன். பீடத்தில் நின்று சொன்னால் நீங்கள் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வீர்கள், நானும் வழக்கம்போல நீட்டி முழக்கிவிடுவேன்.

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று மாதம் பிரசங்கம் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். இனி இதையெல்லாம் யார் பார்ப்பார்கள், என்னைத் தவிர இங்கே யாருக்கு அக்கறை என்று வீட்டில் புலம்பித் தீர்த்தேன். (பேசவே கூடாதவன் எப்படிப் புலம்பினான் என்கிறீர்களா? தாளில் எழுதிக் காட்டிப் புலம்பினேன். என் மனைவி அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.)

"எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்று பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தை வைத்து உங்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். அப்போஸ்தலன் பவுல் கட்டப்பட்டிருந்த நிலையில் எழுதிய நிருபம், அதாவது கடிதம் அது என்றும் தவறாமல் சேர்த்துக்கொள்வேன். அவருக்குக் காவல், எனக்கு வெறும் ஓய்வு. அதையே பொறுக்க முடியவில்லை.

அந்த மூன்று மாதமும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உங்கள் முகங்களை மட்டுமே பார்த்துப் பழகியவனுக்கு அங்கிருந்துதான் கைகள் கண்ணில் பட்டன.

முதலில் வாசலில் நிற்கும் அண்ணனுக்கு. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து கதவைத் திறந்து, நாற்காலிகளைப் போட்டு, வருகிறவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் கொடுத்து, கடைசிவரை நின்றுகொண்டே ஆராதிக்கிறீர்கள். இத்தனை வருடமும் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்! தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதையே தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லும் 84-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கிறது. கோராகு யார் என்பது உங்களுக்குத் தெரியும். கர்த்தருடைய வாசஸ்தலத்தின் பணிவிடை கையில் இருந்தும் அது போதாமல், ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று மோசேக்கும் ஆரோனுக்கும் விரோதமாக எழும்பினவன். அவன் வம்சத்தார் பிற்காலத்தில் வாசல் காத்தார்கள் என்று 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் கோராகின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், அண்ணன். நீங்கள் அவன் பிள்ளைகளின் பக்கம்.

மைக் கூவினால் மட்டும் எல்லாரும் திரும்பி முறைக்கிற தம்பிக்கு. ரோமர் 16-ஆம் அதிகாரம் முழுக்கப் பெயர்களாகவே போகும். அதை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். இப்போது மெதுவாகப் படித்தேன். பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தை எழுதியவன் தெர்தியு. அத்தனை பெரிய நிருபத்தில் தன்னைப் பற்றி அவன் எழுதிக்கொண்டது ஒரே ஒரு வாழ்த்து வரி. எனக்கு உன் நினைவு வந்தது, தம்பி. போன மாதம் நான் உன்னைப் பார்த்து முறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

படுக்கையில் கிடப்பவர்களை வாரந்தோறும் பார்த்து வந்த அம்மாவுக்கு. என்னிடம் பட்டியல் இருந்தது. உங்களிடம் பட்டியல் கிடையாது, ஆனால் யாருக்கு எந்தக் காது கேட்கும் என்று தெரிந்திருந்தது. வேறென்ன எழுத!

காணிக்கையை எண்ணிக் கணக்கெழுதியவர்கள், என் கிறுக்கல் குறிப்புகளை வைத்துப் பிரசங்கம் செய்த வாலிபர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் என் நன்றி.

இன்னொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலயத்தைச் சுத்தம் செய்யும் முறை எப்போதும் அதே இரண்டு பேர் தலையிலேயே விழுகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டீர்களே, அக்கா. அன்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊழியத்தில் முறுமுறுக்கலாமா என்று தாளில் எழுதி நீட்டவும் செய்தேன். பிறகு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திருப்பினேன். தங்கள் விதவைகள் அன்றாட உதவிப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று அங்கேயும் சிலரிடம் ஒரு முறுமுறுப்பு எழும்பியது. அப்போஸ்தலர்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்த வேலையைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நீங்கள் கேட்டது உங்களுக்காகவும் இல்லை, முழங்கால் வலியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மற்றவருக்காக. பொறுமையாக இருங்கள் என்று அடுத்தவரிடம் சொல்லி நம் சோம்பலை மூடிக்கொள்வது எவ்வளவு சுலபம்! புதிய அட்டவணை ஒட்டியாயிற்று. அதில் என் பெயரும் உண்டு, இரண்டாவது சனிக்கிழமை.

கடைசியாக, குழந்தைகள் அறையில் இருக்கும் அக்காவுக்கு. ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று உங்களிடம் எழுதிக் கேட்டேன். "கதவிடுக்கில் ஆமென் சத்தம் கேட்கும் ஐயா, உடனே பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டத் தொடங்கிவிடுவேன்" என்று சிரித்தீர்கள். அதில் ஒரு பொட்டு வருத்தம்கூட இல்லை. என்னால்தான் அன்று சிரிக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு முதல் நான் மறுபடியும் பேசலாம். ஆனால் அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று அந்த வாலிபரே பேசட்டும். குழந்தைகள் அறையில் நான் இருக்கிறேன். செருப்புகளில் எது யாருடையது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் உள்ளே போய் உட்காருங்கள், அக்கா. அண்ணனுக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்