டெராஹெர்ட்ஸ் கருவியும் தோல் கழிவுத் தொட்டியும்

ஆசிரியருக்கு,

டெராஹெர்ட்ஸ் அலையால் (மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்ட அலை) நச்சு வாயுவைக் கண்டறிவது பற்றிய செய்தியைப் படித்தோம். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்கு இது அவசியமான ஆராய்ச்சி. ஆனால் அதைப் படித்துவிட்டு, கழிவுத் தொட்டி வாயில் கருவியை நீட்டினாலே வாயு தெரிந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல.

தோலில் முடி நீக்க சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரோடு பிக்கிள் டிரம்மின் (பதனிடும் முன் தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்கும் உருளை) அமிலநீர் கலந்து பிஎச் 7க்கு இறங்கினால், கரைந்திருக்கும் சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடாகிவிடும். சுண்ணாம்பு நீக்கப் போடும் அம்மோனியம் சல்பேட்டிலிருந்து அமோனியா வேறு கிளம்பும். சாதாரண அமோனியா சென்சார்கள் பல ஹைட்ரஜன் சல்பைடுக்கும் எண் காட்டும். டெராஹெர்ட்ஸில் அந்தக் குழப்பம் இல்லை. ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் அலையை உறிஞ்சும்; அதைத்தான் கோடு என்கிறோம்: ஹைட்ரஜன் சல்பைடுக்கு 300.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோடு, அமோனியாவுக்கு 572.5இல் ஒரு கோடு.

சிக்கல் காற்றழுத்தத்தில் இருக்கிறது. வெளிக்காற்றில் ஒவ்வொரு கோடும் 4, 5 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். 557இல் நீராவிக்கு மிக வலுவான கோடு உண்டு; ஈரக்காற்றில் அதன் விளிம்பு அமோனியாக் கோட்டின் மேலேயே வந்து விழும். எனவே தொட்டிக் காற்றின் மாதிரியைக் குழாய்க்குள் இழுத்து, பம்ப் வைத்து அழுத்தத்தை 1 மில்லிபாருக்கு இறக்க வேண்டும். அப்போது கோடு சில மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஒடுங்கும். மூலக்கூறுகள் குறைந்தால் சிக்னலும் போய்விடாதா? போகாது. அகலமும் அதே விகிதத்தில் சுருங்குவதால் கோட்டின் உச்சி ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்கும் வெகு கீழே இறக்கினால்தான் டாப்ளர் அகலம் (மூலக்கூறுகளின் ஓட்டத்தால் வருவது, அழுத்தத்தோடு சுருங்காதது) குறுக்கிட்டு சிக்னல் விழும்.

அலை உள்ளே போய் வெளியே வரும் குழாய் முனை ஜன்னல்களை டெஃப்லானில் செய்து சற்றே சாய்த்துப் பொருத்த வேண்டும். நேராக வைத்தால் 1 மீட்டர் குழாயில் 150 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை எதிரொளிப்பு அலை எழுந்து, வாயு இல்லாதபோது சமமாக இருக்க வேண்டிய அடிமட்ட அளவைக் குலைக்கும். இதைவிடப் பெரிய தொல்லை, இரண்டு வாயுக்களும் எஃகுச் சுவரில் ஒட்டுவது. மாதிரிக் குழாயும் டெஃப்லானாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும். உள்ளே ஒரு துளி நீர் நின்றாலும் அமோனியா அதில் கரைந்துவிடும். ஒட்டல் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியை நிறுத்தி உலர் நைட்ரஜனை விடுங்கள். சிக்னல் சட்டென்று பூஜ்யத்துக்கு வராமல் இழுத்தால், நீங்கள் அளப்பது சுவரிலிருந்து கசியும் பழைய வாயுவை.

ஆகவே இது ஆய்வகத்தில் சென்சார்களைச் சரிபார்க்க ஏற்ற கருவி. தொட்டியில் இறங்குபவருக்கு இன்று தேவை கையடக்க வாயு மீட்டர். முகர்ந்து பார்த்து இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) இருந்தாலே மூக்கு மரத்துப்போகும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். சேற்றைக் கிளறும்போது புதிதாக வாயு கிளம்பும். வேலை முடியும்வரை மீட்டர் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

– கழிவுநீர் ஆய்வகப் பணியாளர்கள்,
ராணிப்பேட்டை