ஒற்றைத் தென்னை மரப் பாலத்தைத் தாண்ட வைத்தவர்களுக்கு

எங்கள் தெருவாருக்கும், வீடு தேடி வந்து கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன்மேல் கிடந்த ஒற்றைத் தென்னை மரம்தான் பாலம். நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் நடந்தவர் அப்பா. சென்ற ஆண்டு தாளடி நடவின்போது பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன்பின் நான்கு மாதம் திண்ணையிலேயே கிடந்தார்.

மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். அனுப்பும்போது, ‘பிசியோதெரபி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி சொன்னார்கள். எங்கே, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நகரத்துக்குப் போனால் ஆட்டோ வாடகையும் போகும், அம்மாவின் அன்றைய கூலியும் போகும். முதல் மூன்று மாதங்களில்தான் கை கால் அதிகமாக மீளும் என்பது, அந்த மாதங்கள் கழிந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்த தன்னார்வலர் அக்கா, திண்ணையில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடவில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி நிபுணரும் வீட்டுக்கு வருவார் என்று சொல்லி, அன்றே பெயரை எழுதிக்கொண்டார். அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

பிசியோதெரபி தம்பி வந்த முதல் நாளே எங்கள் தவறு ஒன்றைத் திருத்தினார். அப்பாவை எழுப்ப நாங்கள் விழுந்த கையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். தோள்மூட்டு நழுவியிருந்தது. இராத்திரியெல்லாம் அவர் முனகியது அதனால்தான். ஒரு பழைய வேட்டியை முறுக்கி அப்பாவின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுத்தார். மூடிக்கிடந்த விரல்களைப் பிரித்து, கிண்ணத்திலிருந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்க வைத்தார். மூன்றாவது வாரம் ஒரு கொட்டை விரலில் நின்றது. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆசாரி மாமா, கொல்லையில் இரண்டு மூங்கில்களை இடுப்பளவு உயரத்தில் கட்டி நடைபழகத் தடம் போட்டுத் தந்தீர்கள். கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள். தெருப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலின்மேல் கிடந்த ஒற்றை மரத்தோடு இன்னும் மூன்று மரங்களைச் சேர்த்துப் போட்டு, பலகை அடித்து, கைப்பிடியும் வைத்தார்கள். நீங்கள் போட்டது பாலம் மட்டுமல்ல தம்பிகளே, அதன் வழியாகத்தான் அப்பா முகாமுக்குப் போய் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினார். அந்த அட்டையைக் காட்டினால் சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் வேண்டாம் என்று சொன்ன நடத்துநர் அண்ணனுக்கும், அவர் ஏறி உட்காரும்வரை பொறுத்திருக்கும் ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கீழத்தெருவில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு பெண்குழந்தை இருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளையை அவள் தாய் இன்னும் இடுப்பில்தான் சுமக்கிறார். பிசியோதெரபி தம்பிக்கு ஒன்றியம் முழுவதும் வேலை. அவர் வராத நாட்களில் பயிற்சி கொடுக்க நான் கற்றுக்கொண்டு வருகிறேன். அந்த வீட்டு வாசலிலும் சேறுதான். அங்கேயும் ஒரு பாதை போட வேண்டும்.

இந்த ஜூனில் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த அன்று, அப்பா கோலை ஊன்றித் தனியாகவே பாலத்தின் நடுவரை போய் நின்று பார்த்தார். இனி வழியில் அவரைப் பார்த்தால், பாசத்தில் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். பக்கத்தில் நடந்து வாருங்கள், போதும்.

இப்படிக்கு,
வாய்க்கால்கரை வீட்டு மகள்