இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றோடு தம்பியின் காரியமெல்லாம் முடிந்தது. ஊரிலிருந்து வந்திருந்தவர்கள் காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டார்கள். அம்மா பல நாள் கழித்து மாத்திரை போடாமல் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, சரி, எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் கேன்சர் என்று தெரிந்ததிலிருந்து ஏழு மாதமாக உங்களிடம்தான் கொட்டிக்கொண்டிருந்தேன், மறுபடி அதற்குள் போகத் தெம்பில்லை.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. ராத்திரி 2 மணிக்கு ‘பிளேட்லெட் வேண்டும்’ என்று போட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊசியோடு படுத்திருந்து, ஒரு டீகூடக் குடிக்காமல் வேலைக்குப் போனவர்கள். மூன்று மாதம் அம்மாவுக்கு ரசமும் சாதமும் கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு மாமி. தம்பியின் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, அவன் பெயரிலேயே முடித்துக்கொடுத்த ஆபீஸ் பிள்ளைகள். ‘பணம் அப்புறம் பார்த்துக்கலாம்க்கா’ என்று மாத்திரையைக் கையில் திணித்த மருந்துக்கடைத் தம்பி. இரவுப் பணி நர்ஸ்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்தான். கை ஓடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். என் தம்பியின் நண்பர் என்று சொல்ல முடியாது. 2011க்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. காரணம் ஒரு காமிக்ஸ் புத்தகம்.

தம்பியின் காமிக்ஸ் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். அதைத் தொடங்கிவைத்தது அப்பா. 1972இல் முத்து காமிக்ஸ் வந்தபோது வாங்கிய இரும்புக்கை மாயாவியைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த மனுஷர் அவர். தம்பி அங்கிருந்து லயன் காமிக்ஸுக்குப் போய், காலேஜ் நாளில் திருவல்லிக்கேணி நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் காமிக்ஸ் பொறுக்க ஆரம்பித்தான். அப்படிக் கிடைத்ததுதான் இந்தப் புத்தகம். கேப்டன் மார்வெல் இறந்துபோகிற கதை. மார்வெல் என்ற அமெரிக்க காமிக்ஸ் கம்பெனிக்காரர்கள் 1982இல் கிராஃபிக் நாவல் என்று பெரிய அளவில் ஒரு வரிசை தொடங்கியபோது முதலாவதாக வந்தது. எழுதி வரைந்தவர் ஜிம் ஸ்டார்லின். அட்டையில் கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு, மடியில் மகனைக் கிடத்திய மேரி மாதா சிலை மாதிரி, அந்த வீரனை ஏந்திக்கொண்டு இருக்கும். ‘வீட்டுக்குள்ள இதையெல்லாம் வைக்கிறியேடா’ என்று திட்டியது நான்தான்.

இதை அந்த நண்பர் இரவல் வாங்கிப் போனார், திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு ‘கொடுத்துட்டேனே’ என்றார். வாய்த்தகராறு ஆகி, பொது இடத்தில் கத்திக்கொண்டு, பேச்சு நின்றுபோனது. தம்பி ஒரு நீல அட்டை நோட்டில் இரவல் கணக்கு எழுதிவைப்பான். அந்த வரியின் கீழே மட்டும் சிவப்புப் பேனாவால் மூன்று கோடு.

கடைசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் வார்டு வாசலில் வந்து நின்றார். கையில் பிரவுன் அட்டை போட்டு, ரப்பர் பேண்டு மாட்டிய புத்தகம். வீடு மாற்றும்போது பரணிலிருந்து கிடைத்ததாம். மன்னிப்பு கேட்கவில்லை, எப்படி இருக்கே என்றும் கேட்கவில்லை. தம்பி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வாடா ஸ்க்ரல், மெடல் கொண்டாந்திருக்கியா?” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பழைய புத்தகத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை அவ்வளவு குறைந்திருந்தது, பழைய காகிதத்தின் தூசியும் பூஞ்சையும் போதும் அவனைப் படுத்த. கடைசியில் ஒரு சமரசம். மேலே பிளாஸ்டிக் உறை போட்டுத் துடைத்து, மாஸ்க் கட்டிக்கொண்டு, கதவோரத்து ஸ்டூலிலேயே உட்கார வேண்டும். அவர் அங்கே உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவது மாதிரி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் படித்தார். தமிழில் ஏன் என்றால், மூலையில் உட்கார்ந்திருந்த எனக்காகவாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம். அதற்குள் தம்பிக்குக் கண் செருகிவிடும். பன்னிரண்டு நாள் வந்தார், வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி.

அப்படித்தான் நானும் இந்தக் கதையைக் கேட்டேன். கேப்டன் மார்வெலின் சொந்தப் பெயர் மார்-வெல். க்ரீ என்ற வேற்றுக்கிரக இனத்தின் படைவீரன், பூமிக்கு வந்து பூமிக்காகவே போராட ஆரம்பித்தவன். 1967இல் அறிமுகமான பாத்திரம். 1974இல் வந்த ஒரு கதையில் நைட்ரோ என்ற வில்லனோடு சண்டை போடுகிறான், அதில் விஷவாயு உருளை ஒன்று கசிகிறது, இவன் அதைத் தன் கையாலேயே அடைத்து ஊரைக் காப்பாற்றுகிறான். அன்றைக்குப் பிழைத்தும்விடுகிறான். எட்டு வருடம் கழித்து ஸ்டார்லின் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்த வாயுதான் கேன்சராக வருகிறது. கையில் போட்டிருக்கும் காப்பின் சக்திதான் அத்தனை நாள் நோயை அமுக்கிவைத்திருந்தது. இப்போது வைத்தியம் செய்யப் போனால் அதே காப்பு மருந்தையும் உள்ளே விடமாட்டேன் என்கிறது. இந்த இடம் வந்ததும் தம்பி, “இன்சூரன்ஸ் மாதிரி” என்றான்.

சண்டையில் சாகவில்லை, அதுதான் விஷயம். சனிக் கிரகத்தின் நிலாவான டைட்டனில், ஒரு கட்டிலில், சொந்தபந்தம் சுற்றி நிற்க மெல்ல மெல்லப் போகிறான். ஸ்டார்லின் தன் அப்பாவைக் கேன்சரில் பறிகொடுத்த துக்கத்தைத்தான் இதில் இறக்கிவைத்தார் என்று நண்பர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோதே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்காத ஆள் இதை எழுதியிருக்க முடியாது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தனக்கு வந்திருப்பது என்ன என்று மார்-வெல் சொல்கிற பக்கம் வந்தது. டைட்டன்காரர்கள் அந்த நோயை ‘இன்னர் டிகே’ என்பார்களாம். நண்பர் கொஞ்சம் யோசித்து, “உள்சிதைவு” என்றார்.

“பாடப் புத்தகம் மாதிரி இருக்கு,” என்றான் தம்பி.

“சரி, உள்ளழுகல்?”

“பழம் இல்லடா இது.” கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். “உளுத்துப்போறதுன்னு சொல்லு. நம்ம பழைய வீட்டுக் கதவு இருந்துச்சே அக்கா, பெயின்ட் எல்லாம் புதுசா இருந்துச்சு. அப்பா ஆணி அடிக்கப் போனப்பத்தான் தெரிஞ்சுது, உள்ள ஒண்ணுமே இல்லன்னு. அந்த மாதிரி. நானும் இப்ப அதான்.”

நான் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏழு மாதத்தில் அந்த அறையில் யாரும் அந்த நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை. அம்மாவுக்கு அது ‘கட்டி’, மாமாவுக்கு ‘அந்த வியாதி’, எனக்கு ‘ஒண்ணும் ஆகாதுடா’. ஒரு பெரியப்பா, முள் சீத்தாப்பழம் தின்றால் சரியாகிவிடும் என்கிற வீடியோ வாரத்துக்கு மூன்று அனுப்புவார். எல்லோரும் அவனுக்காகத்தான் மறைத்தோம், அவனும் எங்களுக்காகப் புரியாத மாதிரி கிடந்தான். ஒரு காமிக்ஸ் புத்தகத்தைத் தமிழாக்குகிற சாக்கில், ‘நானும் இப்ப அதான்’ என்று அவன் சொல்ல ஒரு இடம் கிடைத்தது. நண்பர் பதறவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “சரி, உளுத்துப்போறது,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். நன்றி என்று நான் எழுத வந்தது இதற்குத்தான், அந்த ‘சரி’க்கு.

அன்றைக்கு ராத்திரி தம்பி என்னிடம் மூன்று மணி நேரம் பேசினான். பேங்க் பாஸ்வேர்டு, அம்மாவின் கண் ஆபரேஷன், அலமாரிப் புத்தகங்கள், பயம், எல்லாம். நடுவில் ஒரு தடவை சத்தம் போட்டு அழுதான். அதன் பிறகு தயிர்சாதம் கேட்டான்.

அந்தக் கதையில் ரிக் ஜோன்ஸ் என்று மார்-வெலின் தோழன் ஒருவன் உண்டு. அவன் மற்ற சூப்பர்ஹீரோக்களிடம் போய்ச் சண்டை பிடிப்பான், இவ்வளவு மூளையும் சக்தியும் வைத்திருக்கிற நீங்கள் இதற்கு ஒரு மருந்து தேட நினைத்ததுண்டா என்று. அவர்களுக்குப் பதில் இருக்காது. எல்லா மேதைகளும் சேர்ந்து ராப்பகலாக முயன்றும் முடியாது. இந்தப் பக்கத்தை நண்பர் படித்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொரு பக்கத்தில் ஸ்பைடர்மேன் அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்க முடியாமல் அறையை விட்டு வெளியே போய்விடுவான். உலகத்தையே காப்பாற்றுகிறவன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா, நீதான் அது. எத்தன தடவ வெந்நீர் புடிக்கப் போற, எனக்குத் தெரியாதா?” அதிலிருந்து அவன் எனக்கு வைத்த பெயர் ஸ்பைடர்மேன். ஐம்பது வயதில் இந்தப் பெயர். ஆனால் வெந்நீர் பிடிக்கப் போவதை நிறுத்தினேன்.

ஸ்க்ரல் என்றால் என்ன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. க்ரீ இனத்துக்குப் பரம்பரைப் பகையாளிகள். மார்-வெல் சாகக் கிடக்கும்போது அவர்களில் ஒரு தளபதி கிளம்பி வருவான். சுற்றியிருக்கிறவர்கள் திகைத்து நிற்க, எங்கள் இனத்தின் மிகப் பெரிய எதிரிக்கு எங்கள் மரியாதை என்று வீரப்பதக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவான். தம்பிக்குப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த பக்கம் அதுவாம். அந்தப் பக்கம் வந்தபோது மட்டும் நண்பர் படிக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, தம்பி பார்த்து முடிக்கும்வரை அப்படியே கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தைத் திருப்பினார்.

கடைசிப் பக்கங்களை அவர் தள்ளிப்போடப் பார்த்தார். “முடிவு எனக்குத் தெரியும்டா, 93லேயே படிச்சாச்சு, நீ படி” என்றான் இவன். படித்து முடித்தபோது ஒன்பதே கால் மணி. விசிட்டிங் நேரம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது, யாரும் வந்து விரட்டவில்லை. அந்த இரவுப் பணி நர்ஸுக்கும் இங்கேயே இன்னொரு நன்றி.

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் செத்தவர்கள் எல்லோரும் நாலு மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்களாம். மார்-வெல் மட்டும் அங்கங்கே தலைகாட்டினாலும் நிரந்தரமாகத் திரும்பவில்லை என்று நண்பர் சொன்னார். அதைச் சொன்னது காரியம் அன்றைக்கு, பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டே. வேறு யாராவது அன்றைக்கு அப்படி ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் சொன்னபோது ஆறுதலாகத்தான் இருந்தது.

இனிமேல் படுத்திருக்கிற யாரையும் பார்க்கப் போனால் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லமாட்டேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஏதாவது படித்துக் காட்டலாம். வாய் வரவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஆனால் உள்ளேயே.

புத்தகத்தை நண்பர் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். நான் விடவில்லை, தம்பியின் உத்தரவு அப்படி. நீல நோட்டை எடுத்து, 2011இல் எழுதிய வரியை அடித்து, ‘வந்தது’ என்று போட்டேன். அதன் கீழே புதிதாக ஒரு வரி. புத்தகத்தின் பெயர், அவர் பெயர், தேதி. திருப்பித் தரும் நாள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “இன்னொரு பதிமூணு வருஷம் போடுங்கக்கா” என்றார். போட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. அந்த நோட்டில் இன்னும் 19 வரி அடிக்கப்படாமல் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு இப்போது வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். புத்தகத்தைக் கூரியரில் அனுப்ப வேண்டாம், நேரில் வாருங்கள். காபி போட்டுத் தருகிறேன், நீங்கள் எனக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். நோட்டும் பேனாவும் வாசல் மேசைமேலேயே இருக்கும்.