சொல்பவனின் குரல் எங்கே போகிறது?

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி நூலகத்துக்கு மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "செவ்வியல் நாவலைப் படமாக்கினால் மிஞ்சுவது கதைச்சுருக்கம்தானே" என்று உன் சக ஆசிரியர் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதையை 32 பக்கத்தில் மாங்கா பாணியில் வரையப்போகிறேன் என்று கடைசி வரியில் சொன்னாயே, அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன் சக ஆசிரியர் சொல்வது சில புத்தகங்களுக்குப் பொருந்தும். ஜப்பானில் 2007 முதல் ஒரு மலிவுப் பதிப்பு வரிசை வந்தது. ஒரு பெரிய நூல், கையடக்கமான ஒரு மாங்கா, சுமார் 190 பக்கம், அதோடு சரி. மார்க்ஸின் 'மூலதனம்' வரைக்கும் அதில் வந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் கதை தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் நாவலில் கதை ஒரு பாகம், அதைச் சொல்கிற குரல் இன்னொரு பாகம். கதையைப் படம் சுலபமாக எடுத்துக்கொள்ளும். குரலைத்தான் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும். அதனால் எந்தத் தழுவலைக் கையில் எடுத்தாலும் சொல்பவனின் குரல் இதில் எங்கே போயிற்று என்பதை முதலில் பார். நல்லதும் சுமாரும் அங்கேயே பிரிந்துவிடும்.

'ஹைடி'யிலிருந்து தொடங்குகிறேன். இசாவோ தகாஹாட்டா இயக்கி 1974இல் ஞாயிறுதோறும் ஒளிபரப்பான அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், 52 எபிசோட். மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய ஸ்பைரியின் நாவல் அவ்வளவு பெரிதில்லை. ஆக, அவர்களுக்கு வந்த சிக்கல் சுருக்குவதல்ல, விரிப்பது. விரிக்கும்போது புதுச் சம்பவங்களைத் திணிக்கத்தான் யாருக்கும் கை போகும். தகாஹாட்டாவும் கொஞ்சம் சேர்த்தார். ஜோசப் என்கிற அந்தப் பெரிய நாய் நாவலில் கிடையாது. ஆனால் பெரும்பாலான நேரத்தை அவர் நாவலின் ஒற்றை வரிகளுக்கே கொடுத்தார். தாத்தா நீண்ட இரும்புக் கம்பியில் பாலாடைக்கட்டியைக் குத்தி, அடுப்பு நெருப்பில் எல்லாப் பக்கமும் பொன்னிறமாகும்வரை திருப்புவார் என்று ஸ்பைரி ஓரிரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். தொடரில் அது உருகி, விளிம்பு தளர்ந்து, ரொட்டியில் வழிந்து பரவுவதைக் குழந்தையின் கண்ணோடு நாமும் காத்திருந்து பார்க்கிறோம். அத்தை அடுக்கடுக்காக மாட்டிவிட்ட துணிகளை மலையேறும் வழியில் ஹைடி கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற காட்சியும் அப்படித்தான். எழுத்தாளரின் குரல் இங்கே காட்சி நகரும் வேகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதற்கு நேரம் கொடுக்கிறாய் என்பதே நீ சொல்லும் விதம்.

இதற்கு முன்வேலை ஏராளம். 1973இலேயே தகாஹாட்டா, காட்சியமைப்பைச் செய்த மியாசாகி, பாத்திரங்களை வடிவமைத்த கொதாபே எல்லோரும் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதலில் ஹைடிக்கு இரட்டைச் சடை போட்டிருந்தார்கள். மலையில் தனியாக இருக்கும் ஒரு கிழவர் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தினமும் சடை பின்னிவிடுவாரா என்ற கேள்வி அந்தப் பயணத்தில் வந்தது. முடியைக் குட்டையாக்கினார்கள். ஒரு சடைக்கு இவ்வளவு யோசனை. உன் காஞ்சனைக்கும் இந்தக் கேள்விகள் உண்டு: விளக்கு எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அவள் எங்கே படுக்கிறாள்.

அதே தகாஹாட்டா 1979இல் மாண்ட்கோமரியின் 'பச்சை முகடு வீட்டு ஆன்' நாவலை 50 எபிசோடாக எடுத்தார். நாவல் முதல் அத்தியாயத்தை வம்புக்காரப் பக்கத்துவீட்டு அம்மாளோடு தொடங்கும். தொடரின் முதல் எபிசோடுக்கு இரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பு. நாயகி ஆனும் அவளை வளர்க்கப்போகும் மாத்யூவும் உடனே வந்துவிடுகிறார்கள். ஆனின் முடிவில்லாத பேச்சை மட்டும் வெட்டவில்லை. அதோடு ஒரு ஆண் குரலைக் கதைசொல்லியாக வைத்து, அவளை நேசித்துக்கொண்டே சற்றுத் தள்ளி நின்று பார்க்கவும் வைத்தார். மாண்ட்கோமரி எழுதும் தொனி அதுதான், பிரியமும் புன்னகையும் சேர்ந்தது. ஆனின் மனக்குரலாலேயே சொல்லியிருந்தால் அந்தப் புன்னகை போயிருக்கும்.

இனி என் மனசுக்கு மிக நெருக்கமானது, ஹெய்கே என்ற ஜப்பானியப் போர்க்குலத்தின் வீழ்ச்சியைச் சொல்லும் 'ஹெய்கே கதை'. நவோகோ யமாதா இயக்கியது. 2021இல் இணையத்தில் வந்தது, 11 எபிசோட் மட்டும். மூலம் எழுதிப் படிப்பதற்கென்று பிறந்ததே அல்ல. பார்வையற்ற துறவிகள் பிவா என்னும் வீணை போன்ற கருவியை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியது. முதல் வரியே ஜேதவன விகாரையின் மணியோசையைச் சொல்லி, எல்லாம் நிலையற்றது என்கிறது. புத்தர் தங்கிய சிராவஸ்தியின் ஜேதவனம்தான். மணிமேகலை படித்தவர்களுக்கு அந்த வரி வேற்றூராகத் தெரியாது.

பாடுகிற குரலைப் படத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? பிவா என்ற பெயரில் ஒரு சிறுமியைப் புதிதாகப் படைத்து ஹெய்கே வீட்டுக்குள் விட்டார்கள். அவளுடைய ஒரு கண்ணுக்கு வரப்போவது தெரியும். அந்த வீட்டின் மூத்த மகன் ஷிகெமோரிக்கு இறந்தவர்கள் தெரிவார்கள். அவர் போனபின் அந்தப் பார்வையும் அவளுக்கு வந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்தும் ஒன்றையும் மாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவள். யோசித்துப் பார், காவியம் பாடுகிறவனின் நிலையே அதுதானே. முடிவு தெரிந்துதான் பாடுகிறான். அந்த நிலையை ஒரு குழந்தையின் முகத்தில் வைத்தார்கள். நடுநடுவே வெள்ளை முடியோடு பெரியவளாகி, வாத்தியத்தை மீட்டி மூலத்தின் வரிகளைப் பாடவும் செய்கிறாள். மூலத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்து மூலத்துக்கு இவ்வளவு நெருங்கிய இன்னொரு தழுவலை நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. பன்னிரண்டு சுருளும் ஒரு பின்னிணைப்புச் சுருளும் கொண்ட காவியம் 11 எபிசோடுக்குள் அடங்க, போர்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் முன் கரும்பலகையில் இதை மட்டும் எழுதிவிடு: கியோமோரி தலைவர், மூத்த மகன் ஷிகெமோரி, மகள் தொகுகோ, தொகுகோவின் பிள்ளை அந்தோகு, குழந்தைப் பேரரசன். ஷிகெமோரியின் பிள்ளைகள் கொரெமோரி, சுகெமோரி, கியோட்சுனே. இந்த ஏழு பேர் பிடிபட்டால் 1185இல் தான்னோஉராக் கடலில் முடியும் வரைக்கும் வழி தப்பாது. 'மோரி' என்று முடிகிற பெயர்களில்தான் முதல் எபிசோடிலேயே எல்லோரும் குழம்பி நிறுத்திவிடுகிறார்கள்.

பெயர்ச் சிக்கலுக்கு 'கெஞ்சி கதை' என்ற பழைய ஜப்பானிய அரண்மனை நாவல் இன்னொரு உதாரணம். மூலத்தில் பெரும்பாலோருக்கு இயற்பெயர் கிடையாது. பதவியாலோ இருக்கும் மாளிகையாலோதான் சுட்டுவார்கள், பதவி உயர்ந்தால் அழைக்கும் சொல்லும் மாறும். நம் அகப்பாடலில் பெயர் சுட்டக்கூடாது என்பது கவிதை மரபு, அங்கே அது அரண்மனை மரியாதை. 54 அத்தியாயம் இப்படியே படிப்பது ஜப்பானியர்களுக்கே கடினம். வாகி யமாதோ 1979இல் தொடங்கி 1993 வரை 13 தொகுதியாக வரைந்த மாங்கா இங்கேதான் கை கொடுத்தது. பதவி எத்தனை முறை மாறினாலும் முகம் அதேதான். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் தரை தொடும் கருங்கூந்தலும் ஒரே வகை அழகுமாக வரைந்ததில் பெண்களின் முகங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஒரு குழப்பம் தீர்ந்து இன்னொன்று வந்துவிட்டது.

இப்போது உனக்கு நேரடியாக உதவுவது. 'காஞ்சனை'யில் ஒரு 'நான்' சொல்கிறது. நடந்தது நிஜமா, அந்த 'நானி'ன் மயக்கமா என்பது தெரியாமலேயே போவதில்தான் கதை இருக்கிறது. படம் வரைந்தால் அது சாட்சியாகிவிடும். பேயை ஒருமுறை முழுசாக வரைந்துவிட்டால், பேய் இருக்கிறது என்று நீ தீர்ப்புச் சொன்ன மாதிரி.

தசாய் ஒசாமுவின் 1948ஆம் ஆண்டு நாவல் 'மனிதத் தகுதி இழந்தவன்' இதைவிடக் கடுமையான சோதனை. அவரும் புதுமைப்பித்தனும் மறைந்தது அதே 1948இல்தான். அந்த நாவல் மூன்று புகைப்படங்களை வருணித்துத் தொடங்குகிறது. மூன்றாவதில் இருப்பவனின் முகத்தில் எதுவுமே இல்லை, கண்ணை மூடினால் மறந்துபோகிறது. மறந்துபோகும் முகத்தை எப்படி வரைவாய்? வரைந்தாலே நினைவில் நிற்குமே. உசாமரு ஃபுருயா கதையை நம் காலத்துக்கு நகர்த்தி, இணையத்தில் கிடைக்கும் ஒருவனின் நாட்குறிப்பாக்கினார். அதைப் படிக்கும் மாங்கா ஓவியராகத் தன்னையே உள்ளே வைத்தார். இதனால் வரைந்த ஒவ்வொரு கட்டமும், படித்தவர் மனதில் ஓடிய கற்பனை என்றாகிவிடுகிறது. ஜுன்ஜி இட்டோ என்ற இன்னொரு மாங்கா ஓவியர் அந்த உள்பயத்தை உருவங்களாகவே வரைந்துவிட்டார். அவர் கோடு பிரமாதம்தான், ஆனாலும் எனக்கு அது அதிகம்.

2009இல் வந்த 'நீல இலக்கியம்' என்ற 12 எபிசோட் தொடரில் சொசேகியின் 'கொகொரோ'வுக்கு இரண்டு எபிசோட். நாவலின் கடைசிப் பகுதி முழுக்க ஒருவர் எழுதிய நெடுங்கடிதம். அவருடைய நண்பன் கே என்ன நினைத்தான் என்பது அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். முதல் எபிசோட் அவர் பக்கம், கோடை. அடுத்தது அதே நிகழ்ச்சிகள் கேயின் பக்கம், குளிர்காலம். பருவமே மாறிவிடுகிறது. கடிதத்தில் எவ்வளவு மறைந்திருக்கலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் காட்டிவிடுகிறார்கள். நீயும் ஓர் அறையை இரண்டு முறை வரையலாம். 'நான்' பார்க்கும்போது இருக்கிற ஒரு பொருள், மனைவி பார்க்கும்போது இல்லாமல் இருக்கட்டும்.

உன் 32 பக்கத்துக்கு வருகிறேன். பக்கத்துக்கு 5 கட்டம் என்றால் 160. மூன்றில் ஒரு பங்கு பேச்சில்லாமல் இருக்கட்டும். மிச்சம் 107 சொச்சம் கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது சொல் வைத்தால் மொத்தம் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வரும். மூவாயிரம் சொல் கதை என்றால் மூன்றில் இரண்டு பங்கைக் கோடும் இருட்டும் சுமக்க வேண்டும். அதனால் வரையத் தொடங்காதே, முதலில் பிரதியில் கோடிடு. கண்ணால் காட்டக்கூடியதற்கு ஒரு நிறம், சொல்லாமல் தீராததற்கு ஒரு நிறம். அந்த நடுராத்திரி வாடை இரண்டாவது நிறத்தில் விழும். வாசனையை வரைய முடியாது, மூக்கைப் பொத்தும் கையை வரையலாம்.

அடுத்தது ஜப்பானியர் 'நேமு' என்பார்கள், பென்சில் முன்வரைவு. ஏ4 தாளை இரண்டாக மடித்துக் குச்சி மனிதர்களாகவே 32 பக்கமும் போட்டுவிடு. வலமிருந்து இடம் வேண்டாம், தமிழ் ஓடுகிற திசையிலேயே வை. அப்படியானால் ஒற்றைப்படைப் பக்கம் வலதுபுறம் வரும், அதைப் புரட்டினால்தான் இரட்டைப்படை தெரியும். திடுக்கிட வைக்கும் எதுவும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வரட்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கண் முன்கூட்டியே ஓடிப் பார்த்துவிடும்.

பேச்சை எழுதும் குமிழான பலூனில் பலரும் சறுக்குவார்கள். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே போகும், அதனால் அவர்கள் பலூன் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதைப் பார்த்து வரைந்தால் 'கேட்டுக்கொண்டிருந்தாள்' என்ற ஒற்றைச் சொல்லே உள்ளே போகாது, பதினோரு எழுத்து. எழுத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றிப் பலூன் போடு. வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடு. மேல்வரி 'ஞூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொண்டால் சின்ன அச்சில் கறைபோலத் தெரியும். கட்டத்தில் அவன் முகம் பயந்திருந்தால் மேலே 'எனக்குப் பயமாக இருந்தது' என்று எழுதாதே. சொல் ஒன்றைச் சொன்னால் படம் வேறொன்றைச் சொல்லட்டும். தழுவல் மாங்காக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பெரிய பிழை இந்த இரட்டிப்புதான்.

நூலகத்துக்கு: சின்னப் பிள்ளைகளுக்கு ஹைடி, பத்தாம் வகுப்புக்கு மேல் ஹெய்கே. தசாய் வேண்டாம், தற்கொலை முயற்சிகள் நிறைந்த நாவல். யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து செய்த ராமாயண அனிமே 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடும் திரையரங்குக்கு வந்தது. கதை தெரிந்த பிள்ளைகள் என்பதால், எதை விட்டார்கள், எங்கே நின்றார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்ல அதைவிடத் தோதான படம் இல்லை.

மை தொடுவதற்கு முன் முன்வரைவை எனக்கு அனுப்பு, முதல் எட்டுப் பக்கம் போதும். முக்கியமாக அவள் முதலில் வரும் பக்கம். முகத்தை வரைந்திருக்கிறாயா, நிழலை மட்டுமா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கலா