பைனாகுலர் கழுத்தில் இருக்கட்டும்

என் அன்புப் பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் அந்தச் சின்ன வீடியோவும் வந்து சேர்ந்தன. அம்மா முதல் படத்தைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வேட்டை உரிமத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பாமல் எழுதிவிட்டாய் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தம்பி விஷயமும் வீட்டு விஷயமும் நிறைய இருக்கின்றன. அதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

மூன்றாவது படத்தில் முடியை நெற்றியில் இறக்கிவிட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து ஒரு முடி கண்ணில் விழுந்தாலே எரிச்சல்படுகிறவள் நீ. அம்மா கவனிக்கவில்லை. நானும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் அந்தத் தொலைநோக்கியை, துப்பாக்கியின் மேல் பொருத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின் லென்ஸுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தால் படம் முழு வட்டமாகத் தெரிகிறதோ, அந்த இடைவெளிதான் உன் புருவத்தைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் அது 9 சென்டிமீட்டர் சுமார் இருக்கும். உதைப்பு அதிகமுள்ள துப்பாக்கிக்கு 10 சென்டிமீட்டர் இருந்தால் நிம்மதி. கடையில் நின்றபடி, மெல்லிய சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். காட்டில் தடித்த கோட்டு போட்டிருப்பாய், படுத்துச் சுடுவாய், மேட்டைப் பார்த்துச் சுடுவாய். படுத்தால் தலை தானாகவே முன்னால் ஊர்ந்துவிடும். மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் அப்படித்தான். உதைக்கும்போது லென்ஸின் விளிம்பு வந்து புருவத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு போட்டுவிட்டுப் போகும். அதனால் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் வளையங்களில் இறுக்குவதற்கு முன்னால், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியோடு படுத்துப் பார். பெரிதாக்கும் அளவைக் கடைசி எண்ணில் வைத்துப் பார், ஏனென்றால் பல ஸ்கோப்புகளில் அந்த அளவில்தான் இடைவெளி குறையும். கண்ணை மூடிக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வை. கண்ணைத் திறந்ததும் ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நகர்த்த வேண்டியது ஸ்கோப்பை, உன் கழுத்தை அல்ல.

6-24×50 ஸ்கோப், அதாவது 6 முதல் 24 மடங்குவரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் உள்ளது, வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, வாங்கியது வாங்கியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மரங்களுக்கு நடுவில் நூறு மீட்டருக்குள் சுடப் போகிற உனக்கு 24 மடங்கு எதற்கு? 3-9×40 போதும் என்று சொன்னது பழைய ஆளின் பிடிவாதம் என்று நினைத்திருப்பாய். கணக்கைப் பார். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். 40-ஐ 6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7. இருட்டும் நேரத்தில் உன் வயதுக்காரர்களின் கண்பாவை 7 மில்லிமீட்டர்வரை விரியும். அதற்குள் 2 மில்லிமீட்டர் ஒளியை விட்டால் மங்கலாகத்தானே தெரியும்? ஸ்கோப்பை வெளிச்சத்தைப் பார்த்துக் கை நீட்டிப் பிடித்து, பின் லென்ஸைக் கவனி. வெள்ளைப் பொட்டு மாதிரி ஒன்று மிதக்கும். மடங்கைக் கூட்டும் வளையத்தைத் திருகிக்கொண்டே வந்தால் அது மிளகளவுக்குச் சுருங்குவதை உன் கண்ணாலேயே பார்ப்பாய். அந்தி நேரத்தில் 6-ஐத் தாண்டாதே. தடிமனான குழாய் இருந்தால் வெளிச்சம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 30 மில்லிமீட்டர் குழாயில் திருத்தும் குமிழ்களுக்கு இடம் அதிகம், அவ்வளவுதான்.

50 மில்லிமீட்டர் முன் லென்ஸுக்கு உயரமான வளையம் போட வேண்டியிருக்கும். அப்போது கன்னம் கட்டையில் படியாது, தலை மிதக்கும், கண் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கும். கட்டையின் மேல் ஒரு கன்னத் திண்டு கட்டிக்கொள். திருகுகளைக் கை வலிமையால் முறுக்காதே. பல வளையங்களுக்கு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு முறுக்கு விசை போதும், பெட்டியில் வந்த தாளில் போட்டிருக்கும். அளவுமுறுக்கி ஒன்று வாங்கிக்கொள்.

பைனாகுலர் வாங்கிக்கொண்டாயா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

ஜீரோ பார்க்கும்போது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, நேராக 100 மீட்டருக்குப் போகாதே. 25 மீட்டரில் தாளில் விழ வை. உன் ஸ்கோப்பில் குமிழின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால், 100 மீட்டரில் குண்டு 7 மில்லிமீட்டர் நகரும், 25 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் 25-இல் 3 சென்டிமீட்டர் விலகியிருந்தால் பதினாறு கிளிக் வேண்டும். ஒரே குண்டை நம்பித் திருகாதே, மூன்று சுட்டுவிட்டு நடுவைப் பார். துப்பாக்கி ஒரு தடவை கீழே விழுந்தாலும் மறுபடி போய்ச் சரிபார்க்காமல் காட்டுக்குள் போகாதே. அந்த மிருகத்துக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

இன்னொன்று. ஸ்கோப் குழலுக்கு மேல் நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு வழி திறந்திருக்கும், குழலுக்கு முன்னால் பாறை நிற்கும். சித்தப்பா வண்டியின் பானெட்டில் குண்டு கீறிய அந்தக் கோடு உனக்கு ஞாபகம் இருக்கும்தானே. சுடுவதற்கு முன் தலையை ஸ்கோப்பிலிருந்து எடுத்து, குழலின் வாயை ஒரு தடவை வெறும் கண்ணால் பார்.

சாயங்காலம் சூரியன் இறங்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாதே. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுவிட்டது என்பதே அப்புறம்தான் தெரியும், போன பார்வை திரும்பாமலே போய்விடலாம். பைனாகுலருக்கும் இதேதான். வெப்பம் காட்டும் கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அது சூட்டைக் காட்டும், முகத்தைக் காட்டாது. தூரத்தில் குனிந்திருக்கும் ஆளும் காட்டுப்பன்றியும் அதில் ஒரே வெள்ளைத் திட்டுதான். இப்போதைக்கு வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத வேண்டியதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்த வீடியோவைப் பற்றித்தான்.

ஸ்கோப்பின் பின் லென்ஸில் போனை வைத்து எடுத்திருக்கிறாய். மலைச்சரிவு, மரங்கள், பனி விலகுவது, எல்லாம் அழகாக இருக்கிறது. அம்மா இரண்டு தடவை பார்த்தாள். நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. 14-வது நொடியில் இடது ஓரத்திலிருந்து ஒரு ஆரஞ்சுத் தொப்பி வருகிறது. குறுக்குக் கோட்டைத் தாண்டிப் போகிறது. அரை நொடிகூட இல்லை. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. மான் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது. அதைப் போட்டுக்கொள்வதே மனுஷனுக்கு மனுஷன் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தொப்பிக்குக் கீழே ஒரு ஆள் இருக்கிறார், பாப்பா. அவருக்கு நேராக உன் துப்பாக்கி இருந்திருக்கிறது. துப்பாக்கிக்குள் குண்டு போட்டிருக்கவில்லை என்று சொல்வாய். நம்புகிறேன். ஆனாலும் ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலும் பார்க்கிறது.

இதை உன் மேல் குற்றமாக எழுதவில்லை. இந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான்தான். உனக்கு ஆறு வயதில் முற்றத்தில் துப்பாக்கியைத் திண்ணை விளிம்பில் சாய்த்துப் பிடித்து, "அதோ பார், அந்தக் கிளையில் குருவி" என்று ஸ்கோப் வழியாகக் காட்டியவன் நான். காலித் துப்பாக்கிதான். ஆனால் ஸ்கோப் என்பது வேடிக்கை பார்க்கிற கண்ணாடி என்று உன் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான். சித்தப்பா அப்போதே கண்டித்தார். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அப்புறம், அந்த அறை. உனக்கு 9 வயது. ஓடைக்கரையில் உன்னை அறைந்தேனே, அது. நீயும் நானும் இருபது வருஷமாக அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் இருட்டில் தனியாக வந்ததற்கு அப்பா அடித்தார் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள்.

அன்றைக்கு நாலு மணியிலிருந்து காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அறுபது மீட்டர் தூரத்தில் புதருக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று அசைந்தது. பைனாகுலர் பைக்குள் இருந்தது. யார் எடுப்பது என்று ஸ்கோப்பைத் தூக்கினேன். 9 மடங்கில் வைத்திருந்தேன். அந்த அளவில் 100 மீட்டரில் நாலு மீட்டர் அகலம்தான் தெரியும், அறுபதில் இன்னும் குறைவு. சுற்றிலும் என்ன இருக்கிறது, எந்தப் பாதையில் வந்தது, ஒன்றும் தெரியாது. வட்டத்துக்குள் பழுப்பு மட்டும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மானுக்காகக் காத்திருந்த என் கண்ணுக்கு அது மானாகவே தெரிந்தது. காதுகூடத் தெரிந்தது, பாப்பா. இல்லாத காது. சேஃப்டியை விலக்கிவிட்டேன். விரல் விசையில் இருந்தது.

அந்தப் பழுப்பு திரும்பியது. சடையில் வெள்ளை ரிப்பன் தெரிந்தது. அம்மாவின் பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நீ நின்றிருந்தாய்.

குண்டை எப்படி வெளியே எடுத்தேன், எப்படி ஓடி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. அறைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நீ அழவில்லை, என்னையே பார்த்தாய். அந்த அறை எனக்கு விழ வேண்டியது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் காட்டுக்குப் போகவில்லை. மூட்டுவலி என்று எல்லாரிடமும் சொன்னேன். சித்தப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். மூட்டு நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை வருஷம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நீ உரிமம் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடியோ வந்த பிறகு தூக்கம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், பைனாகுலர் கழுத்தில் இருக்கட்டும். பையில் அல்ல, கழுத்தில். தேடுவது அதில். அது என்ன, அதற்குப் பின்னால் என்ன, பக்கத்தில் யார், எல்லாம் அதிலேயே முடிந்துவிட வேண்டும். முழு மிருகமும் தெரிந்து, இதைத்தான் சுடப் போகிறேன் என்று முடிவான பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். அப்போதும் மடங்கைக் குறைத்து வை. 3-இல் அகலமாகத் தெரியும், உன் புதியதில் 6-க்குக் கீழே போகாது, அதுதான் எனக்கு அதில் பெரிய குறை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள். விரலை வெளியே வை. இதையெல்லாம் பாடமாகவே எழுதித் தேறியவளுக்கு மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

என் பழைய 8×42 பைனாகுலரை இந்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். லென்ஸ் சுத்தமாக இருக்கிறது. தூசியை முதலில் ஊது, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. சட்டை நுனியால் துடைக்காதே. வார் இற்றுப் போயிருந்தது, அம்மா புதிதாகத் தைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டாள், பறவை பார்க்க என்று சொன்னேன். அந்தச் சால்வை விஷயத்தை அவளிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லிவிடாதே.

கோட்டைப் போட்டுக்கொண்டு, படுத்து, புருவத்துக்கும் லென்ஸுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல்லி எனக்கு எழுது. தையல் போட்டார்களா என்றும் எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அந்தத் தொப்பிக்காரர் உன்னோடு வந்தவரா, வழியில் போனவரா? தெரிந்தவர் என்றால் அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுது.